தீக்குச்சிக் கனம்

முதல் கோடு விழுந்துவிட்டது. ஒரே ஒரு கோடு. பதினொரு மணிக்கு ஆரம்பித்த பரீட்சையில் பதினொன்று பத்துக்கு ஒரு நட்டக்குத்தலான கோடு, நூற்றெண்பது மில்லி உயரம், கறுப்புத் திரையில் தனியாக நிற்கிறது. இந்த அழகில் போனால் உருப்பட்ட மாதிரிதான் என்று வசந்தாமணி தன்னைத்தானே வைதுகொண்டாள். மவுஸைப் பிடித்த கை வேர்த்து வழுக்கியது. ஏசிக் குளிரில் முதுகு வெடவெடக்கிறது, உள்ளங்கை மட்டும் வேர்க்கிறது, என்ன உடம்போ இது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பு ஆகாது என்று வாசலிலேயே கழற்றிவிடச் சொல்லிவிடுவார்கள். வெறுங்காலுக்குக் கீழே சில்லென்று டைல்ஸ், அந்த டைல்ஸ் வழியாக தும், தும் என்று ஒரு அதிர்வு. காதுக்குக் கேட்காது, காலுக்குத்தான் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம், சிமெண்ட் ரோட்டைத் தாண்டினால் பிரஸ் ஷெட். பம்பு மோட்டாருக்கு உள்ளே வைக்கிற தகடுகளை நாள் முழுக்க வெட்டித் தள்ளுகிற இடம். நாலாம் நம்பர் பிரஸ் அதில் எந்த மூலையில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்கக் கூடாது. இந்த ஒரு மணி நேரத்துக்கு அதை நினைப்பதில்லை என்று காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே முடிவு பண்ணியாயிற்று. படம் போடு, பிரிண்ட் எடு, கொடு, எழுந்து போ. பாஸானால் மாடியில் டிராயிங் ரூமில் ஒரு நாற்காலி, மாசாமாசம் சம்பளம். ஆகாவிட்டால் மூன்று மாத டிரெய்னிங்கோடு சரி, வீட்டுக்குப் போகலாம். வீட்டில் சம்பாதிக்க இன்னொரு கை கிடையாது. கை என்றதும் மனசு அங்கேயே போய் முட்டிக்கொண்டு நின்றது. சீ, வேலையைப் பாரு.

மேசைமேல் கேள்வித்தாள். பழைய படம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நீளத் தகடு, நாலு மூலையிலும் நாலு ஓட்டை, நடுவில் படுக்கையாக ஒரு நீண்ட வழி. கீழே பாகத்தின் பேரும் நம்பரும் இருக்கிற கட்டத்தின்மேல் வெள்ளைத்தாளை வைத்து மறைத்து எடுத்திருந்தார்கள், பரீட்சைக்கு எப்போதும் அப்படித்தான். என்ன பாகம், எங்கே மாட்டுவது, ஒன்றும் தெரிய வேண்டாம். அளவைப் பார்த்து அப்படியே கம்ப்யூட்டரில் போட வேண்டியது. மூன்று மாதத்துக்கு முன்னால் மவுஸைத் தொட்டதில்லை அவள். முப்பத்தெட்டு வயசு, பிளஸ் டூ படிப்பு, வீட்டு முன்ரூமில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். சொல்லித் தருகிற பிரதீபா மேடத்துக்கு இருபத்தாறு வயசு இருந்தால் அதிகம், காலேஜ் முடித்த கையோடு வந்த பொண்ணு, வசந்தாமணிக்கா என்றுதான் கூப்பிடும். முதல் வாரத்தில் நூறுக்கு அறுபது கட்டம் போடுங்கக்கா என்றால் நூற்றுமூன்றுக்கு அறுபத்துமூன்று வரும். அடுத்த கட்டமும் அப்படியே. "எங்கக்கா இந்த மூணு மில்லியைப் புடிக்கறீங்க?" என்று அந்தப் பொண்ணு தலையில் கை வைத்துக்கொண்டது. வசந்தாமணிக்கே அப்புறம்தான் உறைத்தது, தையலுக்கு விடுகிறாள்! இருபது வருஷமாகத் துணியில் கோடு போட்ட கை, ஓரத்தில் கொஞ்சம் விடாமல் வெட்டச் சம்மதிக்குமா. இரும்புக்குத் தையல் இல்லைக்கா என்று சொல்லி பிரதீபா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கிளாஸே சிரித்தது. அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காகவே அந்தப் பொண்ணைப் பிடிக்கிறது.

இன்னொரு தப்பும் பண்ணினாள். கோட்டின் நுனியைக் கண்மதிப்பாகக் கொண்டுபோய் அடுத்த கோட்டில் சேர்த்துவிடுவாள். பார்த்தால் சேர்ந்த மாதிரியே இருக்கும். பிரதீபா வந்து மவுஸின் நடுச்சக்கரத்தை நாலு உருட்டு உருட்டும், படம் பெரிதாகி, பெரிதாகி, சேர்ந்திருந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு லாரி போகிற சந்து தெரியும். "கண்ணை நம்பாதீங்கக்கா. நுனிகிட்டப் போனா பச்சையா ஒரு சின்னக் கட்டம் வரும், அது வந்தப்புறம் க்ளிக் பண்ணுங்க." படம் மூடியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் பொண்ணு ஒரு வழி வைத்திருந்தது. முடித்ததும் உள்ளே ஹேட்ச் போடச் சொல்லும், சாய்வுக் கோடுகளால் நிரப்புவது. சுற்றிலும் மூடியிருந்தால் நிரம்பும். எங்கேயாவது துளி இடம் விட்டிருந்தால் நிரம்பாது, எல்லை மூடவில்லை என்று திரையில் வந்து நிற்கும். நிரம்பாத படத்துக்கு மார்க்கு கிடையாது, பாதி மார்க்குகூடக் கிடையாது. வாளியில் தண்ணி ஊத்தற மாதிரிதாங்க்கா, ஒழுகுனா வாளி வாளியில்ல. பச்சைக் கட்டம் கண்ணில் படாமல் வசந்தாமணி இப்போதெல்லாம் விரலை அசைப்பதே இல்லை.

இடது ஓரம் போட்டாயிற்று. அதிலிருந்து பதினைந்து மில்லி தள்ளி ஓட்டைகளுக்கு நடுக்கோடு. அங்கிருந்து இருநூற்று எழுபத்தொன்றரை தள்ளி வலது பக்கத்து ஓட்டைகளுக்கு நடுக்கோடு. அங்கிருந்து பதினைந்து தள்ளி வலது ஓரம். இடமிருந்து வலமாக, டேப்பை நீட்டிக்கொண்டே போகிற மாதிரி, அவளுக்கு இந்த வழிதான் வரும். மற்றவர்கள் முதலில் முழுக் கட்டத்தைப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். பக்கத்து சீட்டு ஜெயசித்ரா அப்படித்தான், ஸ்டோர்ஸிலிருந்து வந்த பொண்ணு, விரல் கீபோர்டில் கோழி கொத்துகிற மாதிரி பறக்கும். தும், தும். மேல்கோடு முந்நூறு. கீழ்க்கோடு முந்நூறு. தாளில் மொத்த நீளம் முந்நூறு என்று தெளிவாக இருந்தது. நாலு வட்டம். வட்டம் போடும்போது மட்டும் அவளுக்கு மூச்சு சீராகும், ஏனென்று தெரியாது, நடுப்புள்ளியில் வைத்து நாலரை என்று தட்டினால் போதும், கேள்வி கேட்காமல் உருண்டையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் அந்த நீண்ட வழி. எதற்கு நடுவில் இப்படியொரு வழி? உள்ளே எட்டிப் பார்க்கவா? எட்டிப் பார்க்க ஒரு வழி விட்டிருப்பாங்க புள்ள, தகடு வெட்டற டை எறங்கறதைப் பாக்கோணுமில்ல. யார் சொன்னது அது? எப்போது? மனசு ஒரு வாசலில் போய் நின்று திரும்பி வந்தது. பதினொன்று இருபத்தைந்து. பரவாயில்லை, பிடித்துவிட்டாள். அளவுகளை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், முதலில் நிரப்பிப் பார்த்துவிடுவோம். ஹேட்ச். உள்ளே க்ளிக். எல்லை மூடவில்லை.

இருக்காது. பச்சைக் கட்டம் பார்த்துத்தானே வைத்தேன், ஒவ்வொரு மூலையிலும் பார்த்துத்தானே வைத்தேன். மறுபடி க்ளிக். எல்லை மூடவில்லை. சக்கரத்தை உருட்டினாள். இடது மேல் மூலை மூடியிருந்தது, இடது கீழும் மூடியிருந்தது, வலது மேலே போனாள், ஐயோ. மேல்கோடு வந்து, வந்து, வலது ஓரத்தைத் தொடாமல் நிற்கிறது. கீழேயும் அதே. சனியனே, என்று மவுஸைச் சொன்னாளோ தன்னைச் சொன்னாளோ. இந்தப் பாழாய்ப்போன கை பழைய புத்தியைக் காட்டிவிட்டது. இன்றைக்குப் பார்த்துத்தானா? எல்லாம் கைகூடி வரும்போது காலை வாரிவிடுவதே இந்தக் கைக்கு வேலை. அம்மா பாஸாயிருவியாம்மா என்று தாரணி காலையில் ரிப்பன் கட்டிக்கொண்டே கேட்டது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு வீட்டு நிலைமை எல்லாம் தெரிகிறது. வீட்டுக்காரர் இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே, சோறு நானே கொண்டாந்து தர்றேன், கேட்டுகிட்ட நிக்கறேன் என்றார். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார், ஆனாலும் முதல் கவளத்துக்கு வலது கைதான் அனிச்சையாக எழும்பும், கட்டைவிரல் மட்டும் இருக்கிற கை, பாதி தூரம் வந்து, நினைவு வந்து, கீழே போய்விடும். பதினாலு மாசமாக மூன்று வேளையும் அந்தக் கை எழும்பி இறங்குவதைப் பார்க்காதவள் மாதிரி அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அழித்தாள். எல்லாவற்றையும். மொத்தமாகத் தேர்ந்து டெலிட், திரை கறுப்பாயிற்று. மணி பதினொன்று முப்பத்திரண்டு. அழுதால் ஆகாது. மறுபடி இடது ஓரம், பதினைந்து, இருநூற்று எழுபத்தொன்றரை, பதினைந்து, ஒவ்வொரு எண்ணையும் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே தட்டினாள், கீயை அழுத்தினபின் தாளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தபின் திரையைப் பார்த்தாள். மேல்கோடு முந்நூறு. உடனே சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள். இருந்தது. அதே சந்து. அளந்து பார்க்கிற கட்டளையைக் கொடுத்தாள். ஒன்று புள்ளி ஐந்து. கீழ்க்கோடு. ஒன்று புள்ளி ஐந்து. இப்போது பயம் கொஞ்சம் நின்று, வேறு என்னவோ ஒன்று தலைதூக்கியது. கைத்தப்பு இப்படி வராதே. கைத்தப்பு ஒரு தடவை முக்கால் வரும், ஒரு தடவை ரெண்டு வரும், மேலே ஒன்று கீழே ஒன்று வரும். அளந்து வைத்த மாதிரி இரண்டு தடவையும், மேலேயும் கீழேயும், ஒன்றரை எப்படி வரும்? தையலுக்கு விட்டுவிட்டேனா? இல்லை, தையலுக்கு விடுகிறவள் ஒன்றரையா விடுவாள். துணி பத்தாமல் போனால் அவள் என்ன செய்வாள்? துண்டுகளைக் கூட்டிப் பார்ப்பாள். முன்பக்கம், பின்பக்கம், பட்டி, கூட்டினால் மொத்தத்துக்குச் சரியாக வர வேண்டும், வராவிட்டால் கத்தரிக்கோலை எடுக்க மாட்டாள். பென்சிலை எடுத்தாள். பதினஞ்சும் பதினஞ்சும் முப்பது. முப்பதும் இருநூத்தி எழுபத்தொண்ணரையும் முந்நூத்தி ஒண்ணரை. தாளில் மொத்தம் முந்நூறு. இன்னொரு தடவை கூட்டினாள், விரல்விட்டு. முந்நூத்தி ஒண்ணரைதான். அட, தாளே தப்பு.

"என்னக்கா, உங்களுக்கும் ஒதைக்குதா?" என்று ஜெயசித்ரா பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள், உதடு அசையாமல். "நான் கட்டத்தைப் போட்டுட்டு ரெண்டு பக்கமும் பதினஞ்சு விட்டனா, நடுவால இருநூத்தி எழுபதுதான் வந்துச்சு. தாள்ல எழுபத்தொண்ணரைன்னு இருக்கு. அது எதுக்கு ரோதனைன்னு எண்ணு மேல ரெண்டு தட்டு தட்டி எழுபத்தொண்ணரைன்னு மாத்தி அடிச்சுட்டேன். ஹேட்சும் நெரம்பிருச்சு. நீங்களும் அப்படியே பண்ணி உடுங்க்கா, பிரிண்டைத்தான் பாப்பாங்க, பைலையா தொறந்து பாக்கப் போறாங்க?" பொண்ணுக்கு நல்ல மனசு, பரீட்சையில் சொல்லிக் கொடுக்கிறது. வசந்தாமணி தலையாட்டினாள். அளவு எண்மேல் இரண்டு தட்டு தட்டினால் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், அது தெரியும். மூன்றாவது வாரத்தில் அதைச் செய்யவே செய்யாதீங்க என்று சொல்வதற்காகவே பிரதீபா சொல்லிக் கொடுத்தது. தகடு வெட்டற மிஷினு எண்ணைப் படிக்காதுக்கா, கோட்டைத்தான் படிக்கும். கோடு எழுபதுல இருக்க, எண்ணு எழுபத்தொண்ணரைன்னு இருந்தா, வெட்டி வர்றது எழுபதுதான். பேப்பரைப் பாக்கறவனுக்கு எல்லாம் சரியா இருக்கும். மாட்டறவனுக்குத்தான் சேராது. மாட்டறவனுக்குச் சேராது. அவளுடைய விரல் அப்படியே நின்றது. தும், தும் என்று காலுக்கடியில் பிரஸ் அடித்துக்கொண்டிருந்தது. நாலு மூலையில் நாலு ஓட்டை, நடுவில் எட்டிப் பார்க்க ஒரு வழி. டை எறங்கறதைப் பாக்கோணுமில்ல.

சென்னியப்பன், அவள் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள், காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இடது கையால் கோணல்மாணலாக இதைத்தான் வரைந்தார். இந்தத் தகட்டைத்தான். பிரஸ்ஸில் கை போகாமல் முன்னால் மாட்டுகிற காப்புத் தகடு. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தாளைக் காட்டுவார். அன்னிக்குப் புதுசா வந்த தகடுங்க, எடது பக்கம் ரெண்டு போல்ட்டும் போயிருச்சு, வலது பக்கம் போகலை, தீக்குச்சிக் கனம், ரெண்டு மில்லி இருக்கும், தள்ளி நிக்குது, என்று சொல்லி, தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து அந்த ஒற்றைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக் காட்டுவார். இவ்வளவுதாங்க. அரம் குடுங்க, ரெண்டு தேய் தேய்ச்சு மாட்டிக்கறேன்னேன், சூப்பர்வைசர் நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னிக்கு லோடு போவோணும், தகடில்லாமயே ஓட்டுன்னு சொல்லிட்டாரு. வருகிறவர்கள் ம் ம் என்று கேட்டுக்கொள்வார்கள். அவள் காபி கொண்டுவந்து வைப்பாள். அவளும் ம் என்றுதான் கேட்டுக்கொண்டாள். ஏனென்றால் அவள்தான் போய்ப் பார்த்தவளாயிற்றே. அடிபட்ட மறுநாள், அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்க, விசாரணைக்காரர்கள் அவளை ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் நாலாம் நம்பர் பிரஸ்ஸைக் காட்டினார்கள். தகடு அழகாக மாட்டியிருந்தது. நாலு போல்ட்டும் உள்ளே. சேருதே பாருங்கம்மா, சேராம இருந்தா எப்படி மாட்ட முடியும், இவராவே கழட்டி வெச்சுட்டு வேலை செஞ்சிருக்காரு என்றார்கள். அவள் பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். வலது பக்கத்து இரண்டு ஓட்டையின் ஓரத்தில் மட்டும் புதுக்காசு மாதிரி ஒரு பளபளப்பு இருந்தது. அதையும்தான் பார்த்தாள்! பார்த்து, அது என்ன என்று கேட்கத் தோன்றாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ராத்திரியோடு ராத்திரியாக எவனோ அரம் போட்டிருக்கிறான். அவருக்குத் தராத அரம்.

கையெழுத்தும் போட்டாள். பாதுகாப்புத் தகட்டைத் தன்னிச்சையாகக் கழற்றிவிட்டு வேலை செய்தபடியால் என்று டைப் அடித்த காகிதம். அவருக்கு வலது கை முழுக்கக் கட்டு, இடது பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார்கள், சாட்சிக்குக் கீழே அவள். டிராயிங் ரூம் மேனேஜர் மனோகரன் சார்தான் பக்கத்தில் நின்று சொன்னது. போட்டுக் குடுத்துருங்கம்மா, கம்பெனி உங்களைக் கைவிடாது, டிரெய்னிங்ல உங்களுக்கு ஒரு சீட்டுக்கு நானாச்சு. கட்டிலில் கிடந்தபடி அவர் அவளைப் பார்த்தார். நம்பறியா புள்ள என்று கேட்கிற பார்வையென்று அன்றைக்கே தெரிந்தது, தெரிந்தும் பேனாவின் மூடியைத் திறந்தாள். அதைவிட ஒன்று இருக்கிறது. எட்டு மாசம் முன்னால் ஒரு சாயங்காலம், யாரோ பழைய சிநேகிதருக்கு அவர் மறுபடி தீப்பெட்டியை எடுத்து ஆரம்பிக்க, சிநேகிதர் போனபின் இவள் வெடித்தாள். தீக்குச்சி தீக்குச்சின்னு இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அழுவீங்க? நாலு போல்ட்டும் உள்ள இருந்ததை என் கண்ணால பாத்தனுங்க. ஒழுங்கா மாட்டியிருந்தா இன்னிக்கு நாம இந்தக் கதிக்கு வருவமா? அவர் அந்தக் குச்சியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஒற்றை விரலால் மூட வரவில்லை, தொடையில் வைத்து அழுத்தி மூடினார். அன்றைக்கு மூடினதுதான். காலண்டர் தாள் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கண்ணை நம்பாதீங்கக்கா. கண்ணை நம்பினேனே பாவி. கட்டின மனுஷனை விட்டுட்டு என் கண்ணை நம்பினேனே.

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. திரையில் அந்த இடம் பெரிதாக நின்றது, இரண்டு கோட்டுக்கு நடுவில் கறுப்பாக. அந்த இடத்தின் வழியாகத்தான் கை போயிருக்கிறது. பழைய பிரஸ்ஸுக்கு இருநூத்தி எழுபது சரியாக இருந்திருக்கும், புதுசுக்கு எழுபத்தொண்ணரை வேண்டியிருந்திருக்கும், எவனோ இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டை நகர்த்துவதற்குச் சோம்பிக்கொண்டு, எண்மேல் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். ஜெயசித்ரா மாதிரி நல்ல மனசுக்காரனாகத்தான் இருந்திருப்பான். இரண்டு தட்டு. அவளும் வலது பக்கத்தை ஒன்றரை உள்ளே தள்ளிவிட்டு இரண்டு தட்டு தட்டினால் தீர்ந்தது, கட்டம் மூடும், ஹேட்ச் நிரம்பும், மாடியில் நாற்காலி, தாரணிக்குப் படிப்பு, திங்கட்கிழமையிலிருந்து மாசாமாசம் சம்பளம். தாள் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. பரீட்சை எழுத வந்தவள் பரீட்சை எழுது. பிள்ளையை நினை. பிள்ளையை நினைக்காமல் பின்னே யாரை நினைக்கிறேன்? ஆனால் நாளைக்கு அந்த மாடி நாற்காலியில் உட்கார்ந்து இதே மாதிரி எத்தனை எண்ணைத் தட்டுவேன், அது எந்த ஷெட்டில், யார் கைக்குப் போய் நிற்கும்? நடு அளவைப் போட்டாள், விரல் அந்த எண்மேல் நின்றது. ஒரு தட்டு தட்டினாள். எண் நீலமாகியது. இன்னொரு தட்டுத்தான். தும் என்றது கீழே. அவள் உள்ளங்காலை டைல்ஸிலிருந்து தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் எஸ்கேப்பை அழுத்தினாள். நாலு வட்டத்தையும் நடு வழியையும் மளமளவென்று திரும்பப் போட்டாள். பதினைந்து, இருநூற்று எழுபத்தொன்றரை, பதினைந்து, முந்நூறு, எல்லா அளவையும் கோடு சொன்னபடியே எழுதினாள். கடைசியாக, வலது மூலையில் அந்தச் சந்துக்கும் ஒரு அளவு போட்டாள், இந்தப் பக்கம் ஒரு அம்பு, அந்தப் பக்கம் ஒரு அம்பு, நடுவில் ஒன்று புள்ளி ஐந்து. ஹேட்ச் போடவில்லை. எப்போதும் போல இரண்டு பிரிண்ட் கொடுத்தாள், ஒன்று அவர்களுக்கு, ஒன்று பயிற்சிக்காரரின் சொந்த ஃபைலுக்கு.

பன்னிரண்டுக்கு மனோகரன் சார் வந்தார், பிரதீபா பின்னால். மற்ற மூன்று பேருடையதை வாங்கிப் பார்த்து, ம், ம் என்று அடுக்கினார். அவளுடையதைப் பார்த்ததும் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "என்னம்மா இது, மூடவே இல்லையே?" "மூடாதுங்க சார்." "தாள்ல இருக்கற மாதிரி போடுங்கன்னுதான சொன்னது?" "தாள்ல இருக்கற மாதிரித்தானுங்க சார் போட்டிருக்கறேன். கூட்டிப் பாருங்க." பிரதீபா கேள்வித்தாளை எடுத்து விரல் விட்டுக் கூட்டியது, மறுபடி கூட்டியது, முகம் வெளுத்துப்போயிற்று. "சார், இதுல ஒண்ணரை ஒதைக்குது சார்." மனோகரன் சார் தாளை வாங்கி மடித்தார். வசந்தாமணி எழுந்து நின்றாள். "இது நாலாம் நம்பர் பிரஸ்ஸோட காப்புத் தகடுதானுங்களே சார்?" "அது பழைய டிராயிங்மா. இப்ப மாத்தியாச்சு" என்றார் அவர், சட்டென்று. சொன்னபின் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "எப்பங்க சார் மாத்துனீங்க?" என்றாள் அவள். ஜெயசித்ரா குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரிசல்ட் திங்கக்கிழமை" என்று சொல்லிவிட்டு, அவளுடைய தாளை மற்ற மூன்றோடு சேர்க்காமல் தனியாகப் பிடித்துக்கொண்டு மனோகரன் சார் போனார். தனியாகப் போன தாளுக்கு என்ன ரிசல்ட் வரும் என்று தெரியாதவள் இல்லை அவள். நாற்காலி போயிற்று. இரண்டாவது பிரிண்டை மடிக்காமல் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

செருப்பைப் போட்டதும் காலுக்கடியில் அந்த அதிர்வு நின்றுவிட்டது. கேட்டுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழே சென்னியப்பன் நின்றிருந்தார், சோற்றுத் தூக்குப்போசியை வலது முழங்கையில் மாட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டி, சவரம் பண்ணின முகம், அவளுடைய பரீட்சைக்கென்று சவரம் பண்ணியிருக்கிறார். அந்த முப்பதடி தூரம் நடப்பதற்குள் என்னென்னவோ வந்தது வாய்க்கு, ஒன்றும் நிற்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போனா போகுது உடு புள்ள" என்றார். அவள் பிரிண்டை விரித்து அவர் முன்னால் பிடித்தாள். வெயிலில் காகிதம் கண்ணைக் கூசச் செய்தது. இருபத்திரண்டு வருஷம் படம் பார்த்து வேலை செய்த மனுஷன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நாலு ஓட்டை, நடு வழி, அங்கிருந்து நேராக வலது மூலைக்குப் போய் அவர் கண் நின்றுவிட்டது. முழங்கையில் தூக்குப்போசி லேசாக ஆடியது. "கம்பெனிப் படந்தானுங்க. அதுலயே இருக்குதுங்க" என்றாள். "எண்ணை மட்டும் மாத்தியிருக்கறாங்க, கோட்டை மாத்தலை. மறுநா நான் பாத்தது அரம் போட்ட ஓட்டைங்க." "நான் உங்களை நம்பலீங்க. பதினாலு மாசமா நம்பலை. கையெழுத்தும் போட்டேன்." ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் இறங்கி, போயிற்று. அவர் இடது கை விரலால் அந்த ஒன்று புள்ளி ஐந்தைத் தொட்டார், மை காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. "ஒண்ணரையா" என்றார் மெதுவாக. "ரெண்டு இருக்கும்னு எல்லார்த்துகிட்டயும் எச்சாச் சொல்லிட்டேனே புள்ள."